கண் டாக்டரம்மாவின் ஊக்கு

“சாவி.”

வலது உள்ளங்கையை நீட்டியபடி அவர் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். வாங்க, உட்காருங்க, என்ன வண்டி என்ற விசாரிப்பெல்லாம் அப்புறம். சாவி கையில் விழுந்ததும், இடுப்பில் கட்டியிருக்கும் காக்கி முன்துணியில் குத்திய பெரிய ஊக்கில் அதைக் கோத்து ‘டக்’கென்று மூடுகிறார். அதற்குப் பிறகுதான் குனிந்து வண்டியின் முகத்தைப் பார்க்கிறார். நான் போன அன்று அந்த ஊக்கில் ஏற்கெனவே இரண்டு சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவது என்னுடையது.

மங்கி மஞ்சளாகிப்போன கார் முன்விளக்குகளைத் தேய்த்துத் தெளிய வைப்பது அவர் தொழில். டயர் கடையின் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. வயது நாற்பத்தாறு. தெருவில் இருக்கும் மெக்கானிக்குகள் ‘கண் டாக்டரம்மா’ என்று கூப்பிடுகிறார்கள். கிண்டலாகத் தொடங்கிய பெயர், இப்போது அவரைத் தேடி வருகிறவர்கள் விசாரிக்கிற பெயராகிவிட்டது. அவரும் விளக்கு என்று சொல்வதில்லை. “வலது கண்ணு பரவால்ல, இடது கண்ணுதான் ரொம்ப மோசம்” என்று என் காரைப் பார்த்துச் சொன்னபோது எனக்கே கண்ணைக் கசக்கிக்கொள்ளத் தோன்றியது.

அடுத்த கேள்வியும் வண்டியைப் பற்றியது அல்ல. “ராத்திரில எந்த ரோட்ல போவீங்க?” பதிலைக் கேட்டுத்தான் வேலையின் வரிசையை முடிவு செய்கிறார். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவன் என்று நான் உளறிவைத்ததால் என் முறை பின்னால் போனது. எனக்குக் காத்திருக்கத் தெரியாது. வங்கி வரிசையில் நின்றாலே முன்னால் இருப்பவர் முதுகைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறவன் நான். பத்திரிகைக்கு ஒரு கட்டுரை, காருக்கு ஒரு வைத்தியம், ஒரே கல்லில் முடித்துக்கொண்டு மூன்று மணிக்குக் கிளம்பிவிடலாம் என்று வந்தேன். நான்கு மணிக்கும் மர ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

வேலையை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். விளக்கைச் சுற்றியுள்ள பெயின்ட்டில் கீறல் விழாமல் இருக்க ஒட்டுத்தாள் ஒட்டுகிறார். தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே எண்ணூறாம் நம்பர் உப்புத்தாளால் குறுக்காகத் தேய்க்கிறார். பிறகு ஆயிரம், அது மேலும் கீழுமாக. முந்தின தாளின் கீறல் ஒன்றுகூட மிச்சமில்லை என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் அடுத்த தாளை எடுப்பார். இரண்டாயிரம், மூவாயிரம் வரைக்கும் போகும். வழிகிற தண்ணீர் முதலில் மஞ்சளாக வரும், பிறகு பால் நிறமாகும். கடைசியில் வெயில் தாங்குகிற ஒரு பூச்சு. அதை மட்டும் காற்றாடியைக்கூட நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசுகிறார்.

இருபது வருடத் தேய்ப்பில் அவர் விரல் ரேகைகள் போய்விட்டன. “எம் போனே என்னைய யாருன்னு கேக்குது சார்” என்று விரல்களை விரித்துக் காட்டினார். வழவழவென்று இருந்தன.

கொட்டகை வாசலில் ஒரு பலகை: ‘இங்கே எண்ணெய், பற்பசை தடவுவதில்லை.’ அடுத்த தெருவில் ஒருவர் மங்கின விளக்கில் எண்ணெயைத் தடவி, ஐந்தே நிமிடத்தில் பளபளக்க வைத்து அனுப்பிவிடுவாராம். பெயரே ‘பளபளா’. அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே டாக்டரம்மாவுக்கு மூக்கு சிவந்துவிடும். “அது வைத்தியமா? கண்ணு தெரியாதவனுக்குக் கண்ணாடியைத் துடைச்சுக் குடுக்கிற மாதிரி. நாலு நாள்ல மறுபடி மூடிக்கும். நம்பி ஓட்டுறானே, அவன் கதி?”

“சாவி எதுக்கு?” என்று கேட்டேன்.

பதிலாக மூலையில் கிடந்த ஒரு பழைய விளக்கை எடுத்தார். ஆயிரம் நம்பரோடு பாதியில் விட்டது. அதன்மேல் தண்ணீர் பீய்ச்சிக் காட்டினார். அடேயப்பா, புதுக் கண்ணாடி! உள்ளே இருக்கும் திருகாணிகூடத் தெரிந்தது. பிறகு துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தார். அரை நிமிடத்தில் குளியலறை ஜன்னல்போல வெள்ளையாக மங்கிவிட்டது.

“பாத்தீங்களா? பாதி வேலைல, ஈரமா இருக்கிறப்ப பாத்தா முடிஞ்ச மாதிரியே இருக்கும். அவசரக்காரங்க ஆஹான்னு எடுத்துட்டுப் போயிடுவாங்க. காய்ஞ்சா பழைய மஞ்சளைவிட மோசம். அதான் சாவி எங்கிட்ட.”

இதை நான் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். தேதியோடு, என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதனால்தான் பின்னால் நடந்ததற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

நாலேகாலுக்கு ஒரு வேன் வந்து நின்றது. ஊருக்கு வெளியே உள்ள அட்டைப்பெட்டி ஆலையில் வேலை செய்யும் பதின்மூன்று பெண்களை மலைச்சாலை வழியாக வீடுகளுக்குக் கொண்டுபோய் விடுகிற வேன். ஓட்டி வந்தது டாக்டரம்மாவின் தம்பி. அவனைக் கண்டதும் என் காரின் வலது கண்ணில் பாதி ஒட்டிய தாளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

“மூணு வாரமா கூப்பிடுறேன், இப்பதான் வழி தெரிஞ்சுதா தொரைக்கு?”

“வந்துட்டேன்ல அக்கா. எட்டு மணிக்குதான் ஷிப்ட் விடும். ஏழரை வரைக்கும் வண்டி உன்னுது.”

அவனிடம் அவர் கையை நீட்டவில்லை. சாவி அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்னம்மா டாக்டரம்மா, தம்பின்னா சாவி வேண்டாமா?” என்று சீண்டினார். “அவன் எங்க ஓடப்போறான்? நான் வளத்த புள்ள” என்றார் டாக்டரம்மா, குனிந்த தலை நிமிராமல். அம்மா போனபோது அந்தத் தம்பிக்கு வயது ஒன்பதாம்.

மூன்று வாரங்களுக்கு முன் நடந்ததை, எண்ணூறாம் நம்பர் தாள் ஓடிக்கொண்டிருக்கும்போது, தம்பி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து எனக்குச் சொன்னார். மலைச்சாலையின் ஏழாவது வளைவு. ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். வேனின் மஞ்சள் வெளிச்சத்தில் ஆறடி தூரத்தில்தான் அவர் முதுகு தெரிந்திருக்கிறது. மிதித்த மிதியில் வேன் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தொட்டுவிட்டு நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. “அன்னிக்கு ராத்திரி வந்து எம் மடியில தலைய வச்சுக்கிட்டு அழுதான் சார், முப்பத்தஞ்சு வயசு ஆம்பள. பின்னாடி பதிமூணு பொண்ணுங்க தூங்கிட்டு வந்திருக்காங்க. ஒருத்திக்கும் தெரியாது.” தாள் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. “ஓட்டுறப்ப போனைத் தொட மாட்டேன்னு அன்னிக்குத்தான் எந்தலைல அடிச்சு சத்தியம் பண்ணான்.”

ஐந்து மணிக்கு ஆயிரம் முடிந்தது. பூச்சுப் புட்டியைத் திறந்து பார்த்த டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். அடியில் கெட்டியாகிவிட்டிருந்தது. தெருக்கோடி பெயின்ட் கடையில் புதுசு வாங்கி வருகிறேன், வந்து மிச்ச இரண்டு தாளையும் ஓட்டிப் பூசிவிட்டால் ஏழுக்குள் காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார். “பத்து நிமிஷம். எதையும் தொடாதீங்க” என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். என் சாவி அவர் இடுப்பில் ஆடிக்கொண்டே போனது.

அவர் தலை மறைந்ததும் தூறல் விழுந்தது. வேனின் மூக்கு கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதே நேரம் தம்பியின் போன் அடித்தது. ஆலை மேற்பார்வையாளர். மின்சாரம் போய்விட்டது, ஐந்தரைக்கே ஆட்களை விடுகிறார்கள், பெண்களெல்லாம் வாசலில் நிற்பார்கள், உடனே வா. தம்பி கையும் ஓடாமல் காலும் ஓடாமல் தெருவைப் பார்த்தான், விளக்குகளைப் பார்த்தான். தூறல் பட்டு இரண்டும் பளிங்காக இருந்தன.

“சார், பாருங்க, கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. பூச்சு நாளைக்கு வந்து அடிச்சுக்கிறேன். அக்காகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுறீங்களா?”

“தாராளமா. போயிட்டு வாங்க” என்றேன்.

நான்தான் சொன்னேன். என் வாய்தான். ஒட்டுத்தாளைக்கூட நானே உரித்துக் கொடுத்தேன். வேன் போய்விட்டால் அடுத்தது என் கார் என்ற சந்தோஷம் ஒன்றைத் தவிர அந்த நிமிடம் என் மண்டையில் வேறெதுவும் இல்லை.

டாக்டரம்மா புதுப் புட்டியோடு நனைந்துகொண்டே வந்தார். வேன் நின்ற இடத்தில் பால் நிறத் தண்ணீர் மட்டும் தேங்கியிருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே என் குறிப்பேட்டில் எழுதிய வரி எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். 

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். போனை எடுத்துத் தம்பிக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தார். “எடுக்க மாட்டான். சத்தியம் பண்ணியிருக்கான்” என்றார். பிறகு இடுப்புக்குக் கை போனது. ஊக்கைத் திறந்து என் சாவியை உருவி என் மடியில் போட்டார். வேலை முடியாமல் அந்த ஊக்கு திறந்ததை அங்கிருந்த யாரும் பார்த்ததில்லை. 

“எடுங்க சார் வண்டிய.”

ஆலை பன்னிரண்டு கிலோமீட்டர். வழியெல்லாம் மாலை நேர நெரிசல். டாக்டரம்மா புட்டியை இரண்டு கைகளாலும் மடியில் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் விழும் மழையையே பார்த்தார். “விடக் கூடாது. மழை விடக் கூடாது” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நனைந்துகொண்டே இருக்கும் வரை அந்த விளக்குகளுக்குக் கண் தெரியும். மழை விட்டு, காற்றடித்து, பல்பின் சூட்டில் காய்ந்தால் வெள்ளை. அப்போது வேன் எந்த வளைவில் இருக்கும் என்பதுதான் கேள்வி. மழைக்காக அப்படி ஒருவர் மன்றாடி நான் கேட்டதில்லை.

சிக்னல் ஒன்றில் மாட்டிக்கொண்டோம். முன்னால் நின்ற லாரிக்காரரை நான் என் வழக்கப்படி ஏசத் தொடங்கினேன். “அவரை ஏன் சார் திட்டுறீங்க? தப்பு என்னுது” என்றார் டாக்டரம்மா. “ஊர்க்காரன் ஒவ்வொருத்தன்கிட்டயும் கையை நீட்டி வாங்கினேன். இவன்கிட்ட நீட்டல. என் தம்பியாச்சேன்னு விட்டேன். அந்தத் திமிருக்குத்தான் இது.”  நான் ரோட்டைப் பார்த்தேன். என் தப்பைச் சொல்ல வாய் வரவில்லை.

எட்டாவது கிலோமீட்டரில் மழை நின்றுவிட்டது. வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கீச்சென்றது. நான் அதை நிறுத்தினேன். 

ஆலை வாசலில் வேன் நின்றிருந்தது. அப்பாடா என்று எனக்குத்தான் வந்தது. அவருக்கு வரவில்லை. பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மேற்கே வெளிச்சம் ஒரு விரற்கடை மிச்சமிருந்தது. தம்பி விளக்கைப் போட்டுவிட்டு முன்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு விளக்குகளும் வெள்ளைக் குண்டுகளாக மின்னின. வெளிச்சம் வாசல் படியைத் தாண்டவில்லை.

“அக்கா, தண்ணியிருந்தப்போ நல்லாத்தான்...”

“வாய மூடு. மிச்சத் தாளை...” என்று கையை நீட்டியவர் அப்படியே நின்றார். மிச்சத் தாள் கொட்டகையில் இருந்தது. அவசரத்தில் புட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

“பூச்சு இருக்கே, அதைப் பூசலாமே?” என்றேன்.

“ஈரக் காத்து சார். இப்பப் பூசுனா பால் மாதிரி திரிஞ்சு ஒட்டிக்கும். அப்புறம் உள்ளதும் போச்சு.”

காவலாளி கதவைப் பூட்ட வந்துவிட்டார். இந்த நேரத்தில் பஸ் கிடையாது. முன் சீட்டிலிருந்த பெண், “கிளம்பலாமாண்ணே? பாப்பா பக்கத்து வீட்ல இருக்கு, அவங்க வெளிய போகணுமாம்” என்றாள். என் கார் முன்னால் போகட்டுமா, அதன் வெளிச்சத்தைப் பார்த்து வேன் வரட்டும் என்று நான் சொன்னேன். டாக்டரம்மா திரும்பி என் காரின் இரண்டு மஞ்சள் கண்களையும் பார்த்தார். “ஒரு குருடனுக்கு இன்னொரு குருடன் துணையா?” என்றார். அந்த நிலையிலும் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

டாக்டரம்மா வேனின் முன்னால் சற்று நேரம் நின்றார். அந்தப் பலகையை எழுதியவர் மனசில் அப்போது என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. பிறகு ஜன்னலருகே போனார்.

“யார்கிட்டயாவது எண்ணெய் இருக்காம்மா? தலை எண்ணெய், குளிருக்குத் தடவுற களிம்பு, எதுன்னாலும் சரி. தண்ணி ஊத்துனா உடனே காய்ஞ்சிடும்.”

பதின்மூன்று கைப்பைகள் திறந்தன. கைக்களிம்பு வந்தது, உதட்டுக்குத் தடவுகிற குட்டி டப்பா வந்தது, ஒருத்தி ஒரு முழுக் களிம்பு டப்பாவே வைத்திருந்தாள். அட்டை அறுத்து அறுத்து விரல் வெடித்துப்போகுமாம். அந்தக் கெட்டிக் களிம்பைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். தூசியைத் தன் முன்துணியால் துடைத்துவிட்டு, ரேகையில்லாத இரண்டு விரல்களால் கொஞ்சமாக எடுத்து, கீறல்களுக்குள் போகும்படி குறுக்கும் நெடுக்குமாக அழுத்தித் தடவினார். தடவத் தடவ வெள்ளை கரைந்து கண்ணாடி தெளிந்தது. தம்பி அதைப் பார்க்க மாட்டாமல் தலையைத் திருப்பிக்கொண்டான். அக்காவை அந்த வேலையைச் செய்ய வைத்தது யார் என்று அவனுக்குத் தெரியும்.

அவர் கொட்டகையில் ஒரு சோதனை உண்டு. ஷட்டரை இறக்கி இருட்டாக்கிவிட்டு, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தபடி கடைசிச் சுவரில் இருக்கும் காலண்டர் தேதியை வாடிக்கையாளர் படிக்க வேண்டும். படித்தால்தான் சாவி. இங்கே காலண்டர் இல்லை. “சார், அந்தச் சுவரோரமா முப்பதடி போயி, கையில இருக்கிற புஸ்தகத்தைத் தூக்கிப் பிடிங்க” என்றார். நான் போனேன். இருட்டிவிட்டது. கையில் இருந்தது, அவருக்குக் காட்டக் கொண்டுவந்திருந்த எங்கள் பத்திரிகையின் பழைய இதழ். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். வெளிச்சம் முழங்காலில் ஏறி, மார்புக்கு வந்து நின்றது.

“இறக்கிப் பிடிங்க! கொஞ்சம் இடது!”

பிடித்தேன்.  பதின்மூன்று பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள்.  பிறகு வேனுக்குள்ளிருந்து டாக்டரம்மாவின் குரல் அட்டையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தது. இதழின் பெயர், மாதம், வருடம். பெண்கள் கைதட்டினார்கள்.

அவர் கைதட்டலை ரசிக்கவில்லை. முன் சீட்டுப் பெண்ணைப் பின்னால் அனுப்பிவிட்டு, களிம்பு டப்பாவோடு தானே அங்கே ஏறி உட்கார்ந்தார். “இருபதுக்கு மேல முள்ளு போகக் கூடாது. மூணு வளைவுக்கு ஒரு தடவை நிறுத்து, நான் இறங்கித் தொடச்சுத் தடவிட்டு ஏறிக்கிறேன்” என்று தம்பியிடம் சொன்னார். என் பக்கம் திரும்பி, “நீங்க நேரா வீட்டுக்குப் போங்க சார். மெதுவா. நாளைக்குக் காலைல முதல் கண்ணு உங்களுது” என்றார்.

ஏழாவது வளைவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். எட்டரைக்கு டாக்டரம்மாவிடமிருந்து ஒரு வரி வந்தது: ‘எல்லாரையும் இறக்கி விட்டாச்சு.’ அதற்குப் பிறகுதான் சோறு இறங்கியது.

மறுநாள் ஏழு மணிக்கே போய்விட்டேன். எனக்கு முன்னால் வேன் வந்து நின்றிருந்தது. டாக்டரம்மா விளக்குகளில் இருந்த களிம்பைச் சோப்புத் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தார். ராத்திரி பதினோரு தடவை இறங்கி ஏறினாராம். முழங்கால் பிடித்துக்கொண்டிருந்தது. டயர் கடைக்காரருக்குச் செய்தி எப்படித்தான் போயிற்றோ, “டாக்டரம்மாவும் களிம்பு வைத்தியம் ஆரம்பிச்சாச்சாமே! பளபளாவுக்குப் போட்டியா?” என்றார்.

“ஆமா, தடவினேன்” என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதான். டயர் கடைக்காரர் முகம் தொங்கிப்போய் உள்ளே போனார்.

முதல் கண் என்னுடையது என்று சொல்லியிருந்தாரே என்று நான் வாயைத் திறக்கவில்லை. என் சாவியைக் கேட்காமலே எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி ஊக்கில் கோத்துக்கொண்டார். தம்பி வேனைச் சுற்றிக்கொண்டு வந்தான். ராத்திரி தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது.

“நீ வேலையப் பாருக்கா. நான் இங்கயேதான் இருக்கேன். எங்கயும் போகல.”

 அக்கா இரண்டாயிரம் நம்பர் தாளை எடுக்கவில்லை. தண்ணீர்ப் புட்டியையும் எடுக்கவில்லை. குனிந்தவாறே, தம்பியின் முகத்தைப் பார்க்காமல், வலது உள்ளங்கையை மட்டும் அவன் பக்கம் நீட்டினார். அவன் புரியாமல் அந்தக் கையையே பார்த்தான். பிறகு சட்டைப் பையைத் துழாவினான். சாவி வந்து விழும் வரை அந்தக் கை இறங்கவில்லை.